நாங்க செலக்ட் ஆகல

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் தகுதிச் சுற்று முடிந்தபோது அமெரிக்காவின் ஜோர்டின் வீபர் ஒட்டுமொத்தப் புள்ளிகளில் நான்காவது இடத்தில் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோவில் உலக சாம்பியன் ஆனவர். தனிநபர் இறுதிப்போட்டிக்கு 24 பேர் போகலாம். ஆனால் ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. அவருக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு அமெரிக்கப் பெண்கள் இருந்தார்கள். அவரைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர்கள் உள்ளே போக, 17 வயது வீபர் வெளியே நின்றார். இரண்டு நாள் கழித்து அதே தோழிகளோடு சேர்ந்து அணிப் பிரிவில் தங்கம் வென்றார்.

வீபருக்கு ஆறுதல் சொல்வது ஒருவகையில் சுலபம். விதியைத் திட்டலாம். கஷ்டமான கேஸ் வேறு ஒன்று இருக்கிறது. விதி சரி, நடுவர்கள் சரி, பயிற்சியாளர் நியாயமானவர், குழந்தையும் முழு மனசோடு உழைத்தது. இருந்தும் இடம் கிடைக்கவில்லை. திட்டுவதற்கு யாருமே இல்லாத அந்த இடத்தில் குழந்தையிடம் என்ன சொல்வது?

டெக்சஸில் இருக்கும் நண்பன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் இதைத்தான் கேட்டான். அவன் மகளுக்குப் பத்து வயது. நாலு வருஷமாக ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்கிறாள். அங்கே கிளப்புகளில் பொழுதுபோக்கு வகுப்பு தனி, போட்டி அணி தனி. போட்டிக்கென்று லெவல் ஒன்றிலிருந்து பத்து வரை படிகள் உண்டு. அணித் தேர்வில் அவளோடு பழகிய மூன்று தோழிகள் தேர்வானார்கள். இவள் ஆகவில்லை. “நாங்க செலக்ட் ஆகலடா. அவகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல” என்றான்.

பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது மூன்று. முதலாவது, “அவங்களுக்கு உன் அருமை தெரியல.” இது உடனே வேலை செய்யும். ஆனால் குழந்தைக்கு உண்மை தெரியும். தன்னோடு ஆடியவர்கள் என்ன செய்தார்கள், தான் எங்கே தடுமாறினோம் என்று அது தன் கண்ணால் பார்த்திருக்கிறது. இப்போது அது தன் கண்ணை நம்புவதா, அப்பாவை நம்புவதா? போதாததற்கு, இந்தப் பொய் அந்த மூன்று தோழிகளின் உழைப்பையும் களவாக்கிவிடுகிறது. திங்கட்கிழமை அவர்களோடுதான் அவள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட வேண்டும்.

இரண்டாவது, “இதெல்லாம் ஒரு விஷயமா, விடு.” திராட்சை எட்டாத நரி தனக்காகத்தான் அதைப் புளிக்கும் என்றது. நாம் குழந்தைக்காக நரி வேஷம் போடுகிறோம். ஒரு விஷயமே இல்லையென்றால் நாலு வருஷம் ஏன் காரில் கூட்டிக்கொண்டு அலைந்தோம்?

மூன்றாவதுதான் மிகவும் மதிப்பாகத் தெரிவது: “விடாம உழை, அடுத்த வருஷம் உனக்குத்தான்.” கூடவே ஒரு கதை. 2011-இல் சிமோன் பைல்ஸ் 14-ஆவது இடம் பிடித்து, 13 பேர் கொண்ட தேசிய ஜூனியர் அணியை ஒரே இடத்தில் தவறவிட்டார். இரண்டே ஆண்டில் உலக சாம்பியன் ஆனார். தட்டைப் பாதத்தோடு தொடங்கிய தீபா கர்மாகர் 2016 ரியோவில் 0.150 புள்ளியில் வெண்கலத்தை இழந்து நான்காவது வந்தார். எல்லாம் உண்மை. ஆனால் 15-ஆவது, 16-ஆவது இடத்தில் நின்றவர்களின் பெயர் நம் யாருக்கும் தெரியாது. அவர்களும் உழைத்திருப்பார்கள். அடுத்த வருஷத்தை வாக்குக் கொடுக்க அது நம் கையில் இல்லை. அதோடு, ஜெயித்தவரின் கதையை ஆறுதலாகச் சொல்லும்போது, “ஜெயிச்சாத்தான் இந்த அழுகைக்கு அர்த்தம்” என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

நண்பன் சொன்ன “நாங்க” என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம்; அவரை வெளியே நிறுத்துவது நாங்கள். நண்பனின் ‘நாங்க’வில் நான் இல்லை, சரி. ஆனால் அவன் எப்படி உள்ளே வந்தான்? பாரில் தொங்கியது அவள் மட்டும்தானே. கட்டிய ஃபீஸ், விட்டுக்கொடுத்த வார இறுதிகள், வாட்ஸ்அப்பில் போடக் காத்திருந்த ஸ்டேட்டஸ் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. அவனுடைய வருத்தமும் நிஜம்தான். ஆனால் அது வீட்டில் தெரிந்தால், பத்து வயசுப் பெண் தன் ஏமாற்றத்தோடு அப்பாவின் ஏமாற்றத்தையும் தூக்க வேண்டியிருக்கும். பெற்றோரைத் தேற்றுவதற்காக அழுகையை நிறுத்திக்கொண்ட குழந்தையை ‘மெச்சூர்’ என்று நாம் பாராட்டவும் செய்வோம்.

பொய் சொல்லாமலேயே சொல்ல நிறைய இருக்கிறது. உதாரணத்துக்கு ‘கிப்’. பாரில் தொங்கியபடி முன்னால் வீசி, ஒரே வேகத்தில் உடம்பை பாருக்கு மேலே கொண்டுவரும் அசைவு. வளர்கிற குழந்தைக்கு இது ஏன் திடீரென்று நழுவுகிறது என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். அதே உடல்வாகில் 130 செ.மீ. குழந்தை 143 ஆனால், உயரம் 10 சதவீதம் கூடியிருக்கிறது. எடை சுமார் 33 சதவீதம் கூடும். தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்தது என்பதால் அது சுமார் 21 சதவீதம்தான் கூடும். சுழற்றக் கஷ்டமாக்கும் நிலைமத் திருப்புத்திறனோ சுமார் 61 சதவீதம் கூடிவிடும். போன வருஷம் வந்த அசைவு இந்த வருஷம் வராததற்கு சோம்பல் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இது சாக்கு இல்லை. தேர்வு அளந்தது இன்றைய ஒரு உடம்பு, இன்றைய சில அசைவுகளைச் செய்யும் விதத்தை. அளந்தது சரியாகவே இருக்கலாம். அளந்தது அவ்வளவுதான்.

நல்ல குழல்கள் குறைவாக இருந்தால் யாருக்குத் தர வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கேட்கிறார். பணக்காரருக்கோ அழகானவருக்கோ இல்லை, நன்றாக வாசிப்பவருக்கு என்பது அவர் பதில். எனக்கு ஏற்புதான். அணியின் இடங்களும் அந்தக் குழல்கள் மாதிரி எண்ணி வைக்கப்பட்டவை. ஆனால் இசையை அப்படி எண்ணிப் பங்கிட முடியாது. அலஸ்டேர் மெக்கின்டயர் 1981-இல் எழுதிய ‘ஆஃப்டர் வர்ச்சூ’வில் மிட்டாய்க்காக செஸ் ஆடத் தொடங்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறார். மிட்டாயை வேறு வழியிலும் சம்பாதிக்கலாம்; செஸ்ஸுக்குள் மட்டுமே கிடைக்கும் சந்தோஷம் ஒன்று உண்டு, ஒருநாள் குழந்தை அதைக் கண்டுகொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. அணித் தேர்வில் பல சமயம் இது தலைகீழாக நடக்கிறது. தலைகீழாக நிற்பதன் சந்தோஷத்துக்காக உள்ளே வந்த குழந்தைக்கு மிட்டாயைக் காட்டிவிட்டு, பிறகு மிட்டாய் உனக்கு இல்லை என்கிறோம்.

நண்பனின் மகள் இரண்டு நாள் கழித்துக் கேட்டாளாம்: “அப்பா, இனிமே நான் வீட்ல ஹேண்ட்ஸ்டேண்ட் போடலாமா?”

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அணியில் இடம் போனதோடு அனுமதியும் போய்விட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்திருக்கிறது.

எனவே என்ன செய்யலாம்? முதலில் அழ விடலாம். வீட்டுக்கு வரும் வழியிலேயே பாடம் நடத்த வேண்டாம். தோழிகளுக்கு அன்றைக்கே வாழ்த்துச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். பெருந்தன்மை கொஞ்சம் லேட்டாக வந்தால் ஒன்றும் குறையாது. அவள் விரும்பினால் பயிற்சியாளரிடம் போய், எந்த அசைவு போதவில்லை என்று அவளையே கேட்க வைக்கலாம். தெளிவான பதில் எவ்வளவு கசந்தாலும், “நான் லாயக்கில்லை” என்ற மூட்டமான நினைப்பைவிட லேசானது. பிறகு மறுபடி முயல்வதா, பொழுதுபோக்கு வகுப்பிலேயே இருப்பதா, நீச்சல்குளத்தில் டைவிங் பக்கம் போவதா, நிறுத்திவிடுவதா என்று அவள் யோசிக்கட்டும். நிறுத்துவதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

நம்மில் பலர் பாட்டை, படம் வரைவதை, ஓடுவதை எந்த வயதில் விட்டோம் என்று யோசித்தால், அநேகமாக யாரோ நம்மைத் தேர்ந்தெடுக்காத வருஷமாக அது இருக்கும். அதற்கப்புறம் குளியலறையில் பாடுவதைக்கூடக் கேலியாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். தேர்வாகாத ஒன்றைத் தொடர்ந்து நேசிப்பது எப்படி என்று நமக்கு யாரும் காட்டவில்லை. அதனால்தான் குழந்தையின் கேள்விக்குச் சட்டென்று “போடும்மா” என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

சொல்லிவிட வேண்டும். முடிந்தால், இடத்தை ஒழித்துக்கொடுக்க சோஃபாவையும் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டும்.