கோட்டுக்கு யார் காரணம்?

ஒரு ஜன்னல் சட்டத்தில் கோடு விழுந்திருக்கிறது. எது காரணம் என்று கேட்கலாம், யார் காரணம் என்றும் கேட்கலாம். பேச்சில் இந்த இரண்டுக்கும் நாம் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆலையில் அந்த வித்தியாசத்தின் விலை, ஒருவருடைய ஒரு நாள் சம்பளம்.

அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன் கிட்டத்தட்ட இடியாப்பம் பிழிகிற வேலைதான். 450 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேற்றிய அலுமினிய உருளையை (பில்லட் என்போம்) பெரிய பிரஸ்ஸில் வைத்து, டை என்கிற எஃகு அச்சு வழியாகத் தள்ளுவார்கள். உலோகம் உருகாது. திடமாக இருந்தபடியே ஜன்னல் சட்டமாகவும் ஏணிக் காலாகவும் நீண்டு வரும். கோவைப் பக்கம் அப்படியொரு ஆலையில் ஐந்து வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தேன். கோடு, புள்ளி, கொப்புளம் பார்த்து எங்கிருந்து வந்தது என்று சொல்வது என் வேலை.

பல குறைகள் தாமாகவே பேசிவிடும். நீளம் முழுக்க ஒரே இடத்தில் கோடு ஓடினால் டையின் வாய்ப்பகுதியைப் பார்க்க வேண்டும். குறுக்கே மீன் செதில் மாதிரி வெடிப்பு இருந்தால் வேகமும் சூடும் அதிகம். கொப்புளம் என்றால் உள்ளே காற்றோ எண்ணெயோ சிக்கியிருக்கிறது. ஆனால் சில பட்டைகள் பிரஸ்ஸில் கண்ணுக்கே தெரியாது. அனோடைசிங்குக்குப் போய், காஸ்டிக் தொட்டியில் மேல்தோல் கரைந்த பிறகுதான் வெளிவரும். சட்டத்தின் உள்பக்கம் ஸ்க்ரூ பிடிக்க ஒரு தடிப்பு இருந்தால், அதற்கு நேர் எதிரே வெளிப்பக்கத்தில் உலோகம் வேறு மாதிரி ஓடியிருக்கும். மணிகளின் அமைப்பு மாறியிருக்கும். டையின் வடிவம், பில்லட் வார்த்த விதம், அதை ஊறச் சூடாக்கிய நேரம், தள்ளிய வேகம் என எதுவும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஒரு தடவை ஒரு லாட் முழுக்க இப்படிப் பட்டையோடு திரும்பி வந்தது. ரன்அவுட் டேபிளில் நின்ற ஒடிசாப் பையன் கையாளும்போது உரசிவிட்டான் என்று சொல்லி, அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். இதைச் சோதிப்பது சுலபம். உப்புத்தாள் போட்டு மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு மறுபடி காஸ்டிக்கில் முக்க வேண்டும். உரசல் என்றால் போய்விடும். உலோகத்துக்குள்ளேயே இருக்கிற பட்டை திரும்பி வரும். தேய்த்தேன், முக்கினேன். வந்தது. ஒவ்வொரு துண்டிலும், அதே இடத்தில். எழுதிக் கொடுத்தேன்.

மேலதிகாரி நல்ல மனுஷர். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா டைன்னு எழுதினா டை ஷாப்காரன் சண்டைக்கு வருவான். பில்லட்டுன்னு எழுதினா பர்ச்சேஸ் வரும். பையன் பேர எழுதினா யாரும் வர மாட்டாங்க." பிடித்த பணம் அடுத்த மாசம் சத்தமில்லாமல் திரும்ப வந்தது. 'மூல காரணம்: கவனக்குறைவு' என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது.

ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொல்லும் முறை டொயோட்டாவிலிருந்து எல்லா ஆலைகளுக்கும் பரவியது. எந்த 'ஏன்'-இல் நிறுத்துகிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. திருப்பிப் பேச முடியாத ஆள் வந்ததும் நிறுத்துவது நம் வழக்கம்.

நியாய தத்துவத்தில் ஒரு கழுதை வரும். பானைக்குக் குயவனும் சக்கரமும் காரணம். மண் சுமந்து வந்த கழுதை காரணமில்லை. அது இல்லாமலும் மண் வந்திருக்கும். ஹார்ட், ஹோனரே என்ற இரண்டு சட்ட அறிஞர்கள் 1959-இல் வேறொன்றைக் கவனித்தார்கள். தீப்பிடிக்க ஆக்சிஜனும் வேண்டும்தான், ஆனால் அதை நாம் காரணம் என்று சொல்வதில்லை. வழக்கத்துக்கு மாறானதைத்தான் காரணம் என்கிறோம். இங்கேதான் எனக்குச் சிக்கல். ஆலையில் தினமும் இருப்பது டார்கெட். அது ஆக்சிஜன் ஆகிவிடுகிறது. தினமும் நடக்கிற தப்பு ஒருபோதும் காரணம் ஆகாது. புதுசாக வந்த பையன்தான் வழக்கத்துக்கு மாறாகத் தெரிவான். நாம் கழுதையைத் தண்டித்துவிட்டு, குயவனைக் காற்று என்கிறோம்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் சிஸ்டம்தான் காரணமா, ஆளே இல்லையா? இருக்கிறார். நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள், 2009-இல் ஒன்றும் 2011-இல் ஒன்றும், ராக்கெட்டின் மூக்குறை பிரியாததால் வீணாயின. இழப்பு 70 கோடி டாலருக்கு மேல். உறையைப் பிரிக்க வேண்டிய இணைப்பில் இருந்த அலுமினிய எக்ஸ்ட்ரூஷன்களைச் செய்த அமெரிக்க நிறுவனம், 19 வருஷம் பரிசோதனைச் சான்றுகளைத் திருத்தி வந்தது என்று 2019-இல் நாசா அறிவித்தது. தேர்வில் தோற்ற எண்களை ஜெயித்த எண்களாக மாற்றியிருக்கிறார்கள். உற்பத்தியோடு கட்டிய போனஸ் அங்கே ஆக்சிஜன். ஆனால் எண்ணை மாற்றிய கைக்கு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியும்.

அந்தக் கைக்கும் ஒடிசாப் பையனின் கைக்கும் உள்ள தூரம்தான் நான் சொல்ல வருவது. முதலில் எது என்று கேட்க வேண்டும், மாற்றக்கூடிய ஓர் இடம் வரும்வரை. யார் என்பது அதற்குப் பிறகு வர வேண்டிய கேள்வி. அதையும் தெரிந்திருந்தவரிடம், வேறு மாதிரி செய்ய முடிந்தவரிடம் மட்டும் கேட்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் நமக்கு ஒரு பெயர் கிடைக்கும். அடுத்த லாட்டிலும் அதே இடத்தில் பட்டை வரும்.