மனிதர் காட்சிப் பொருளாவரோ?

பிற நாடுகளையும் பிற மக்களையும் சென்று காண்பது அறிவை விரிவாக்கும் என்பதை மறுப்பார் இல்லை. ஊரை விட்டு வெளியேறாதவனைக் கிணற்றுத் தவளை என்று நம்மவர் நெடுங்காலமாக ஏளனம் செய்து வருகின்றனர். ஆனால், காணச் செல்கிறவனைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், காணப்படுகிறவனைப் பற்றிப் பேசியது மிகச் சொற்பம். மலையையும் அருவியையும் பார்ப்பதற்கு எவரிடத்தும் உத்தரவு கேட்க வேண்டுவதில்லை. அம்மலையில் வாழும் மனிதனைப் பார்ப்பதும் அவ்வகையைச் சேர்ந்ததுதானா? ஒரு சமூகத்தாரின் உடையையும் குடிசையையும் வழக்கங்களையும் காண்பதற்கென்றே பிரயாணம் புறப்படுவது தருமமாகுமா? ஆகுமெனில், எந்த நிபந்தனையின்மேல் ஆகும்? இக்கேள்வியையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இது வெறும் தத்துவ விசாரமன்று. 2023 டிசம்பர் முதல் மலேசியக் குடிகள் விசா இன்றியே சீன தேசத்துக்குள் செல்லலாம் என்றான பிறகு, அந்நாட்டின் மலையூர்களுக்குப் போய்வரும் ஆசை நம் பக்கத்திலும் வளர்ந்திருக்கிறது. அவற்றுள் பேர் பெற்றது ஹூனான் மாகாணத்தின் மேற்கு மலைகளிடையே உள்ள பெங்ஹுவாங் என்னும் பழம்பதி. ஆற்றங்கரையில் மரக்கால்களின்மேல் நிற்கும் வீடுகளும், பழைய மதிலும், கல் பாவிய சந்துகளும் உடையது அவ்வூர். மியாவ், துஜியா என்னும் சிறுபான்மை இனத்தார் வாழும் பிரதேசம் அது. ஷென் சுங்வென் என்னும் பெரும் எழுத்தாளர் 1902-இல் அங்குப் பிறந்தவர். 1934-இல் அவர் வெளியிட்ட 'எல்லைப்புற ஊர்' என்னும் நவீனம் அம்மலைநாட்டு வாழ்வைச் சீன மக்கள் பலருக்கும் அறிமுகம் செய்தது. இன்று அங்குச் செல்வோர் வெள்ளி அணி நிறைந்த மியாவ் உடையை வாடகைக்கு வாங்கி உடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, உடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றனர்.

2013 ஏப்ரலில் அவ்வூரின் அதிகாரிகள், பழம்பதிக்குள் நுழைவதற்கு ஆள் ஒன்றுக்கு 148 யுவான் கட்டணம் என்று விதித்தனர். கடைக்காரரும் குடிகளும் கடைகளை அடைத்து எதிர்த்தனர். 2016-இல் அக்கட்டணம் நிறுத்தப்பட்டது. மக்கள் உண்டு உறங்கிப் பிள்ளை பெற்று வாழும் ஊருக்கு நாடகக் கொட்டகையைப்போல் வாயிலில் சீட்டு விற்றதைக் குறித்தே நாம் இதனைச் சொல்ல வந்தோம். யூனான் மாகாணத்து லிஜியாங் நகரின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. 1996-இல் பூகம்பத்தால் சிதைந்த அந்நகர், 1997-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஜனத்திரள் பெருகப் பெருக, அந்நகரத்து நாஷி மக்களிற் பலர் தம் வீடுகளை வெளியூர் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டுப் புதுநகருக்குக் குடிபெயர்ந்தனர். நாஷி மக்களைக் காணச் செல்கிறவன் அவர்தம் வீட்டைக் காண்கிறான். வீட்டுக்குள் இருப்பவரோ வேற்றூர் வணிகர். பார்வையின் பாரம் தாங்காமல் பார்க்கப்பட்டவரே அகன்றுவிட்டனர்!

நிற்க. இதற்காகச் சீனம் வரை போவானேன்? லூமுட்டிலிருந்து புறப்பட்டுத் தாப்பாவில் மலைப்பாதை ஏறினால், அரை நாளுக்குள் கேமரன் மலையை அடையலாம். பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், நம் பேராக் வழியாகவே பலரும் அதற்கு ஏறுகின்றனர். வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885-இல் அதனைக் குறித்து வைத்ததால் அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் அங்குப் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. காட்டை அழித்துக் கொழுந்து நட்டவருள் நம் தமிழர் பலர். பிரிஞ்சாங் கடைத்தெருவில் சீனர் வியாபாரமும் காய்கறித் தோட்டமும் ஓங்கி நிற்கின்றன. இவர்கள் அனைவருக்கும் முன்னரே, எந்த அளவையாளனும் அளப்பதற்கு முன்னரே, அம்மலைச் சாரலில் வாழ்ந்து வருபவர் செமாய் மக்கள். ஒராங் அஸ்லி, அதாவது ஆதிக்குடிகள், என்று அரசாங்கம் வகுத்துள்ள பதினெட்டுப் பிரிவினருள் அவர்களும் ஒருவர்.

தாப்பாவிலிருந்து ஏறும் பாதையில் லாத்தா இஸ்கண்டார் அருவியருகே பிரயாணிகளின் வண்டிகள் நிற்கும். அங்குத் தேனும் பெத்தாயும் மூங்கிற் பொருள்களும் விற்பனைக்கு இருக்கும். மூங்கிற் குழாயில் நஞ்சு தோய்ந்த அம்பை வைத்து வாயால் ஊதி எய்யும் வேட்டைக் கருவியும் இருக்கும். வருகிறவன் அக்குழாயை வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டி, 'காட்டு ஜனங்களைக் கண்டு வந்தேன்' என்கிறான். அவன் கண்டது என்ன? மூங்கில் ஒன்றைக் கண்டான், அவ்வளவே.

அவன் காணாதது ஒன்று உண்டு. செமாய் மக்களிடையே இருவருக்கு வழக்கு நேர்ந்தால், ஊரார் ஒருங்கு கூடுவர். பிச்சாரா என்று அதற்குப் பெயர். இரு திறத்தாரும் தம் மனத்திலுள்ளதைச் சொல்லிக் கொண்டே இருப்பர். இரவும் பகலும் பேச்சு நடக்கும். சிற்சில வேளைகளில் நாட்கணக்காக நீளும். இனிச் சொல்வதற்கு எவரிடத்தும் எதுவும் இல்லை என்ற நிலை வந்து, கோபம் தானே ஓய்ந்த பின்பு, தலைவன் புத்தி சொல்லி முடித்து வைப்பான். ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக வற்புறுத்தல் தகாது என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. பெற்ற பிள்ளையைக்கூட அடித்துப் பணிய வைத்தலை அவர்கள் விரும்புவதில்லை. மனித இயல் ஆராய்ச்சியாளர் ராபர்ட் டெண்டன் அவர்களோடு தங்கி வாழ்ந்து 1968-இல் வெளியிட்ட நூலில், வன்முறையற்ற மக்கள் என்றே அவர்களைக் குறித்தார். சிறு சச்சரவுக்கும் கை ஓங்கும் நம் ஜனங்களுக்கு இதனினும் பெரிய பாடம் எந்த மலையில் கிடைக்கும்? ஆனால் பிச்சாராவைக் கடையில் விற்க முடியாது. அரைமணி நேரம் வண்டியை நிறுத்திக் காணவும் முடியாது. காட்சியைத் தேடிச் செல்கிறவனுக்கு, ஒரு சமூகத்தினிடத்தில் எது மலிவோ அதுவே அகப்படுகிறது.

இவ்விதப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் மிருகக்காட்சி வியாபாரம் நடத்திய ஹாகன்பெக் என்பவர், 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளையும் மனிதரையும் ஒருங்கே கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்டிப் பணம் திரட்டினார். சென்னை அருங்காட்சி சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், நீலகிரித் தோடர் முதலானோரின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் வரிசைப்படுத்தி வெளியிட்டார். அளந்தவர் நூலாசிரியரானார், அளக்கப்பட்டவன் மாதிரிப் பொருளானான். மலாயாவிலும் வெள்ளையர் நூல்கள் ஆதிக்குடிகளைச் 'சக்காய்' என்றே எழுதின. அடிமை என்னும் பொருள் ஒட்டிய அச்சொல்லை அம்மக்கள் இழிவாகக் கருதுகின்றனர். செமாய் மக்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் செங்ஓய் என்னும் சொல்லுக்கோ மனிதர் என்பதே பொருள்.

இதனை வாசிக்கும் தோட்டத்து மக்கள், 'இது நம் கதையாகவும் இருக்கிறதே' என்று எண்ணக்கூடும். ஆம், நம் கதையேதான். கூலி என்ற ஒரே சொல்லால் நம் பாட்டன் பாட்டிமார் அழைக்கப்பட்டனர். 1938-இல் இந்திய சர்க்கார் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும் வரை கங்காணிமார் கப்பலில் ஏற்றி வந்த மனிதர், இங்கு வந்ததும் செக்ரோலில் ஒரு வரியாயினர். தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் நாம் அதனை நன்கு அறிவோம். பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பின்பும், தமிழர் இருந்த வரிகளில் லொம்போக்காரரும் வங்காள தேசத்தாரும் அமர்ந்த பின்பும், ஏட்டின் இயல்பு மாறவில்லை. ஆளின் வருகையும் கூலியும் அதில் உண்டு; ஆள் இல்லை. பிரயாணியின் புகைப்படமும் அத்தகைய ஏடேயாகும். பத்துமலையிலோ ஈப்போ கல்லுமலையிலோ தைப்பூசத்தன்று எடுக்கும் படங்களைப் பாருங்கள். காவடியை ஏற்போரும் நம்முள் உளர், மறுப்போரும் உளர். ஆனால் தமிழன் என்றால் கன்னத்தில் அலகு குத்தியவன் என்று உலகம் ஒரே படத்தில் முடித்துக்கொள்ளும்போது இரு திறத்தாருக்கும் மனம் கசக்கிறதன்றோ? அக்கசப்பை அறிந்த நாம், அதே பார்வையை மலைமேல் ஏறிச் சென்று இன்னொருவன்மேல் வீசுதல் எங்ஙனம் தகும்?

இதனினும் ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. அது நிலத்தைப் பற்றியது. 1874 ஜனவரி 20-இல், நம் லூமுட்டுக்கு எதிரே உள்ள பங்கோரில் ஆங்கிலேயரும் பேராக் பிரதானிகளும் ஒப்பந்தம் செய்தனர். அதில் கையெழுத்திட ஆதிக்குடிகள் அழைக்கப்படவில்லை. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் அவர்களிற் பலர் மலைகளிலிருந்து பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். நோயாலும் ஏக்கத்தாலும் மாண்டோர் அநேகர். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு நிலத்தை ஒதுக்கவும், ஒதுக்கியதை நீக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. நெடுஞ்சாலைக்காகத் தம் நிலத்தினின்றும் அகற்றப்பட்ட சிலாங்கூர் தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், 2002-இல் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு மரபு நிலத்தில் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீட்டுமனைகளாக மாறியபோதும், மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்து வீட்டை விட்டு நம்மவர் பட்டா ஏதுமின்றி வெளியேறியதை யார் மறந்தார்? உடையைப் புகழ்ந்துவிட்டு, உடுத்தவன் காலடியில் உள்ள மண் யாருடையது என்று கேளாமல் திரும்பும் பார்வை, எவ்வளவு இனிய பார்வையாயினும் நியாயமான பார்வை ஆகாது.

இங்குச் சிலர் ஆட்சேபிக்கலாம். 'பிரயாணிகள் வருவதால் அவர்களுக்கு நாலு காசு கிடைக்கிறதே. போகாவிட்டால் அவர்களுக்குத்தானே நட்டம்?' என்பர். மெய்தான். தேனைத் தக்க விலை கொடுத்து வாங்குவதில் குற்றமில்லை. விற்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே நின்று பேரம் பேசுகையில் இருவரும் சமமே. விற்கப்படாத ஒன்றை, அதாவது அவன் முகத்தையும் அவன் பிள்ளைகளின் விளையாட்டையும், கேளாமல் எடுத்துக்கொள்வதே குற்றம். வேறு சிலர், 'அவர்களின் பழமை அழியாமல் காக்க வேண்டாமா?' என்பர். ஓட்டு வீட்டில் மின்விசிறிக் காற்றில் இருந்துகொண்டு, இன்னொருவன் கூரைக் குடிசையிலேயே இருக்க வேண்டும் என்று விரும்புவது பழமைப் பற்றாகாது. பிறன் வறுமையைத் தன் கண்ணுக்கு விருந்தாக்கும் ஆசையேயாகும். செமாய்ப் பெண் பட்டம் பெற்று வழக்கறிஞராவதால் செமாய் மரபு கெடுமென்றால், தமிழ்ப் பெண் படித்ததால் தமிழ் கெட்டதா?

சீர்திருத்தம் பேசும் நம்மவருக்கும் ஒரு வார்த்தை. 'அவர்களைக் காட்டினின்று இறக்கி நாகரிகம் கற்பிக்க வேண்டும்' என்று புறப்படுவோர், காட்சி தேடுவோருக்கு எவ்விதத்திலும் மேலானவர் அல்லர். ஒருவர் அவர்களை மாறாதே என்கிறார், மற்றவர் மாறு என்கிறார், இருவரும் கட்டளையிடுகின்றனர். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமைக்குத்தான் சுயமரியாதை என்று பெயர். நமக்கென்று நாம் கேட்டுப் போராடிய அவ்வுரிமை, மலைமேல் உள்ளவனுக்கும் ஒரு குன்றிமணியளவும் குறையாமல் உரியது.

ஆகவே, காணச் செல்லுதல் அடியோடு தகாது என்று நாம் சொல்ல வரவில்லை. காணப்படுகிறவன் வேண்டாம் என்று மறுக்கவும், எதிர்த்து நம்மைக் கேள்வி கேட்கவும், காட்சிக்கு உரிய விலையையும் எல்லையையும் தானே குறிக்கவும் வல்லவனாயிருக்கும் இடத்தில் அது தருமம். இம்மூன்றும் இல்லாத இடத்தில் அது பலவந்தம். அம்மக்களே வழிகாட்டிகளாக நின்று அழைத்துச் செல்லும் இடங்களுக்குச் செல்லுங்கள். அவர்கள் தம்மை என்ன பெயரால் சொல்லிக்கொள்கின்றனர் என்று கேட்டு அப்பெயரால் அழையுங்கள். குழந்தையைப் படம் பிடிக்குமுன் தாயைக் கேளுங்கள். அவர்களின் மண் யார் பெயரில் இருக்கிறதென்றும் விசாரியுங்கள். நம் பிழைப்பையும் நம் தோட்டத்து வரலாற்றையும் அவர்கள் கேட்டால், ஒளியாமல் சொல்லுங்கள். பெங்ஹுவாங்குக்குப் போகிறவரும் சரி, தாப்பா வழி ஏறுகிறவரும் சரி, இவ்வளவையும் செய்ய நேரமில்லை என்பாராயின், அவர் மலையையும் அருவியையும் மட்டும் பார்த்துவிட்டு வரட்டும். அவற்றின் அழகே ஒரு விடுமுறைக்குப் போதுமானது.