மாகாணி மண்

தமக்கு உரிய பொருளைப் பேணுமாறு மாந்தர்க்கு எவரும் அறிவுரை கூற வேண்டுவதில்லை. வீட்டுக்காரன் தன் கூரையைத் தானே செப்பனிடுகின்றான். நிலக்கிழான் தன் வரப்பைத் தானே உயர்த்துகின்றான். ஆயின், தமக்கு உரியதல்லாததும் என்றேனும் ஒருநாள் திருப்பித் தந்தே தீர வேண்டியதுமான ஒன்றினிடத்து ஒருவர்க்குள்ள கடமை யாது? இவ்வினா நூலறிவுக்கு மட்டும் உரியதன்று. ஜொகூர் பாருவின் அடுக்குமாடிகளில் வாழ்ந்து, வெண்டைக்கும் கத்தரிக்கும் ஏங்கிக் குடியிருப்போர் பொதுத்தோட்டத்தில் ஒரு பாத்தியை வாடகைக்குக் கேட்கும் ஒவ்வொருவர் முன்னும் இது நிற்கின்றது. பாத்தியைத் தரும் சங்கத்தார், கூடவே விதிகள் அடங்கிய தாளொன்றையும் தருகின்றனர். பயிரிடாது விடாதே, பிறர்க்கு மாற்றித் தராதே, நீர் தேங்க விடாதே, குடில் கட்டாதே, மரம் வைக்காதே. படிப்பவர் பலர் இவற்றை வெறுந்தடைகள் என்றே கொள்கின்றனர். அவை தடைகள்தாமா என்பதைச் சற்று ஆராய்தல் தகும்.

நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ ஆடுமாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்றது. பதினாறில் ஒன்று என்பதற்குத் தமிழில் அழகிய சொல் உண்டு, அது மாகாணி. மாகாணி ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,722 சதுர அடி. இங்கிலாந்தில் ஏழைத் தொழிலாளர்க்கு வாடகைக்கு விடப்பட்ட தோட்டத் துண்டின் வழக்கமான அளவு பத்துச் சதுரக் கோல். அதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதுவும் அதே மாகாணி ஏக்கர்தான்! சட்டம் வரைந்தவர்கள் தங்கள் ஊர்த் துண்டையே மனத்திற்கொண்டு வரைந்தனர் போலும் என்று நான் ஊகிக்கின்றேன். ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்குள்ள தோட்டங்களிலும் லயத்தின் பின்புறத்தே கீரையும் மரவள்ளியும் முருங்கையும் வளர்ந்தன. பால்மரம் வெட்டித் திரும்பிய கைகளே மாலையில் மண்வெட்டியைப் பிடித்தன.

அந்த மண் எவருடையது? தோட்ட நிருவாகத்தினுடையது. வேலை போனால் வீடு போயிற்று; வீடு போனால் பாத்தியும் போயிற்று. இருபது ஆண்டுகள் எருவிட்டுப் பண்படுத்தியவர் ஒரு மாதத்தில் மூட்டை கட்டிய காலமும் உண்டு. பின்னர், தெப்ராவ், உலு திராம், மாசாய்ப் பக்கங்களில் இரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களிற் பல தாமான்களாயின. லயத்து மக்களின் பிள்ளைகள் மாடிவீடுகளில் ஏறினர். இன்று பொதுத்தோட்டத்திற் பாத்தி கேட்டு நிற்கும் முதியோரிற் சிலர், தங்கள் தாய் தந்தையர் பறிகொடுத்த மாகாணியைத்தான் வேறு பெயரில் மீண்டும் கேட்கின்றனர் எனலாம்.

இனி, கடமை இல்லாக் குத்தகையும் இம்மாநிலத்திற்குத் தெரியாததன்று. ஜொகூர் பாரு 1855இல் தஞ்சோங் புத்ரி என்னும் பெயரோடு தோன்றுவதற்கு முன்பே, 1840களில், தெமெங்கோங் இப்ராகிம் சீனத் தலைவர்களுக்கு ஆற்றோர நிலங்களைத் திறந்து பயிரிட ஆவணம் வழங்கலானார். அவ்வாவணம் ‘சூராட் சுங்கை’ எனப்பட்டது. அதனைப் பெற்ற தலைவர் ‘கங்சு’ எனப்பட்டார். மிளகும் கம்பீரும் பயிராயின. கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குக் காடு அழிந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் மண்ணின் சத்து வற்றியதும், தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த ஆற்றுக்கு நகர்ந்தனர். 1917இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அக்குடியேறிகளின் உழைப்பைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. இம்மாநிலத்தின் செல்வத்திற்கு அவர்கள் சிந்திய வியர்வை பெரிது. நான் காட்ட விழைவது ஒன்றே: அந்த ஆவணத்தில் எல்லை இருந்தது, வரி இருந்தது, மண்ணை எந்நிலையில் விட்டுச் செல்வது என்ற கேள்விக்கு அம்முறையில் இடமில்லாது போயிற்று.

தமிழகத்திலோ, 1955ஆம் ஆண்டுச் சென்னைச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்றக் கூடாது எனக் காத்தது. காத்த சட்டமே விதிவிலக்குகளையும் வகுத்தது. குத்தகை செலுத்தாமை, நிலத்திற்கோ பயிருக்கோ கேடு செய்தல், பயிரிடுவதை அறவே கைவிடுதல், வேளாண்மை அல்லாத பயனுக்கு நிலத்தை மாற்றுதல், நிலவுடைமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுத்தல் ஆகியவை அவை. நம் பொதுத்தோட்டத்து விதித்தாளை இதனோடு ஒப்பிடுக. பேரளவில் சொன்னதையே அது சிற்றளவில் சொல்கின்றது.

இவற்றுள் நெஞ்சை உறுத்துவது ‘பயிரிடாது விட்டால் பாத்தி பறிபோகும்’ என்னும் விதி. திருவள்ளுவர் ‘உழவு’ அதிகாரத்தில், நாள்தோறும் சென்று பாராத உரியவனிடம் நிலம் பிணங்கும் என்னும் கருத்தைச் சொல்லுமிடத்து, உரியவனைக் ‘கிழவன்’ என்றே சுட்டுகின்றார். அங்கே உரிமை முன்னதாக இருக்கின்றது. செல்லுதல் அவ்வுரிமையோடு சேர்ந்த கடமையாகின்றது. வாடகைப் பாத்தியில் இம்முறை தலைகீழாகின்றது. செல்லுதலே உரிமையைத் தருகின்றது. செல்லாதவன் கிழவன் அல்லன்.

இது நியாயமா? ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். அறுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் முழங்கால் நோயால் மூன்று மாதம் பாத்திக்கு வரவில்லை. களை இடுப்பளவு வளர்ந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவரோ, மூன்று பிள்ளைகளோடு அடுக்குமாடியில் வாழும் இளந்தாய். வெறிச்சோடிய அப்பாத்தியை நாள்தோறும் பார்த்துக்கொண்டே கடந்து செல்கின்றார். முன்னவர்மீது இரக்கம் எழுகின்றது. பின்னவர்க்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்க இயலுமா? மண் குறைவு, கேட்போர் பலர். ஒருவர் வைத்திருந்து பயன்கொள்ளாத ஒவ்வொரு மாதமும், பயன்கொள்ளக் கூடிய மற்றொருவரிடமிருந்து எடுத்த மாதமாகும். விதி அந்த இளந்தாயின் சார்பில் பேசுகின்றது. அவர் கூட்டத்தில் இல்லாததால் அவர் குரல் நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவே.

ஆகவே விதி சரியானது என்பதே என் துணிபு. ஆயின் அதனைச் செலுத்தும் முறையில்தான் அறம் தங்கியிருக்கின்றது. அறிவிப்பின்றிப் பூட்டை மாற்றுவது விதியைக் காப்பதாகாது. பொதுவளங்களைப் பற்றி ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார், நெடுங்காலம் நிலைத்த பொதுவளச் சங்கங்களில் தண்டனை படிப்படியாக உயர்வதைக் கண்டார். முதலில் ஒரு சொல், பிறகு எச்சரிக்கை, இறுதியில்தான் நீக்கம். நம் மூதாட்டிக்கு முதலில் வேண்டுவது கடிதம்கூட அன்று. ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, “என்னம்மா, உடம்புக்கு என்ன?” என்று கேட்பதாகும்.

அடுத்த பாத்திக்காரர் அவர் வரும்வரை களையெடுத்து நீரூற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பிறர்க்கு மாற்றித் தராதே’ என்ற விதி இங்கே மீறப்படுகின்றதா? எழுத்தை மட்டும் பார்ப்பவர் ஆம் என்பார். விதியின் நோக்கத்தைப் பார்ப்போர்க்கு வேறுபாடு விளங்கும். இலவசம் போன்ற வாடகைக்குப் பெற்ற பொதுநிலத்தை மிகுந்த வாடகைக்கு உள்குத்தகை விட்டு நடுவிலிருப்பவர் காசு பார்ப்பதைத் தடுக்கவே அவ்விதி பிறந்தது. உதவியில் காசு இல்லை. நான்கு கத்தரிக்காய் கைமாறுமாயின் அது அண்டை வீட்டு வழக்கமேயன்றி வாணிகம் அன்று.

நீர் தேங்குதல் பற்றிய விதியிலோ எனக்கு இத்தகைய நெகிழ்ச்சி இல்லை. நீர்ப்பீப்பாயிலோ கவிழ்க்காத சட்டியிலோ ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் பறக்கும் கொசுவாகின்றது. அக்கொசு வேலியை மதிப்பதில்லை. சந்தா கட்டியவர், கட்டாதவர் என்று பிரித்துப் பார்ப்பதுமில்லை. மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் இடத்தைக் கைக்கொண்டிருப்பவரையே பொறுப்பாக்குகின்றது. அவர் நிலத்தின் உரிமையாளராய் இருக்க வேண்டும் என்பதில்லை. தன் பாத்தியில் தன் விருப்பம் என்னும் பேச்சு இங்கே செல்லாது.

விதியை வகுப்பவர் யார் என்பதும் அறவினாவே. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை மாணவர் அறிவர். முதற் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அவற்றில் ஏரி வாரியம் மட்டுமன்று, பன்னிருவர் கொண்ட தோட்ட வாரியமும் இருக்கின்றது. உறுப்பினர் குடவோலையால் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் அமர இயலாது. சந்தாப் பணத்திற்கு ஐந்தாண்டாகக் கணக்கு வாசிக்காத சங்கத் தலைவர்கள் இவ்வரிகளைப் பெருமையோடு மேடையில் எடுத்துக்காட்டக் கேட்டிருக்கின்றேன்! அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் உடையவரே தேர்வுக்கு உரியவர் என்கின்றது. அச்சபையும் பிராமணர் சபையே. மண்ணில் கைவைத்துப் பயிரிட்டவர்க்கு அங்கே ஓலை இல்லை. பெருமையைச் சொல்லும்போது இதனையும் சொல்லுதல் நேர்மை. சிங்கப்பூரில் 2016இல் பூங்காக் கழகம் தொடங்கிய வாடகைப் பாத்திகளும் குலுக்கலில்தான் வழங்கப்படுகின்றன. அங்கே நிலம் உடைமை தகுதியன்று. பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மூன்றாண்டுத் தவணை. நம் மாகாணியில் நூற்றில் ஒரு பங்கு அது. ஆயினும் கேட்போர் குறைந்தபாடில்லை.

தவணை என்றதும் எழுவது இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதி. நம் நாட்டின் 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு பயிரிட்டாலும் அனுபவத்தால் மட்டும் உரிமை பிறவாது. நாவில் டி.ஓ.எல். என வழங்கும் தற்காலிக உரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிவது, புதுப்பித்தால்தான் நீளும். அதனைப் பிறர்க்கு மாற்ற இயலாது; பெற்றவர் மறைந்தால் அதுவும் மறைகின்றது. பொதுநிலம் தனியார் கைக்கு நழுவாதிருக்க இக்கண்டிப்பு வேண்டியதே. ஆனால் மண் ஆண்டுக்கணக்கிற்குக் கட்டுப்படுவதில்லை. இலைமக்கும் சாணமும் இட்டுக் களிமண்ணைப் பொலபொலப்பாக்க மூன்று நான்கு ஆண்டாவது செல்லும். மார்கழியோடு வெளியேற நேரலாம் என்று அஞ்சுபவர் மக்கு இடுவாரா, யூரியா தூவுவாரா? யூரியாதான் தூவுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கங்சுவின் ஆட்கள் மண்ணை வற்றச் செய்து நகர்ந்ததற்கும் இவர் செயலுக்கும் அளவில்தான் வேறுபாடு. நெடுங்காலக் கடமையைக் கேட்பவர் நெடுங்கால நம்பிக்கையையும் தந்தாக வேண்டும். குத்தகைக்கு விடுபவரின் கடமை என்று ஒன்று உண்டு; அது விதித்தாளில் பெரும்பாலும் அச்சாவதில்லை.

இங்கிலாந்தின் சட்டம் இதனை உணர்ந்திருக்கின்றது. நில உரிமையாளர் தோட்டத் துண்டைத் திரும்பப் பெற 12 மாத அறிவிப்பு தர வேண்டும் என்று 1950இல் விதித்தனர். அதற்கு முன் ஆறு மாதமே. அவ்வறிவிப்பும் ஏப்ரல் 6க்கும் செப்டம்பர் 29க்கும் இடையே, பயிர் நிற்கும் காலத்தில் முடிவடையக் கூடாது. 1922ஆம் ஆண்டுச் சட்டமோ, உரிமையாளரே குத்தகையை முடித்தால் நிற்கும் பயிருக்கும் மண்ணில் இட்ட எருவுக்கும் ஈடு தருமாறு செய்தது. எருவுக்கு ஈடு! மண்ணுக்குள் மறைந்துபோன உழைப்பைச் சட்டம் கண்டு மதித்த இடம் அது. நம் லயத்துப் பாட்டனார்க்கு அவ்வீடு கிட்டவில்லை.

எஞ்சியிருப்பது மரம். ‘மரம் வைக்காதே’ என்னும் விதியை நம்மவர் மிகுதியாக மீறுவது முருங்கையாலும் கறிவேப்பிலையாலும்தான். முருங்கைக் கொம்பை மண்ணில் ஊன்றுவதை நம் பெண்டிர் மரம் நடுவதாகவே கருதுவதில்லை. ஆயின் அது ஓராண்டில் பக்கத்துப் பாத்தியின் வெயிலை மறைக்கின்றது. பாத்தியைத் திருப்பித் தரும் நாளில் அதனை வெட்டுவதா, விடுவதா? விட்டால் அடுத்து வருபவர்க்கு நிழல் தொல்லை. வெட்டினால் கீரைக்கு வரும் பத்து வீட்டார்க்கு இழப்பு. வேலியோரத்தில், எவர் பாத்தியும் அல்லாத பொது இடத்தில், கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் சங்கமே இரண்டிரண்டு குழி ஒதுக்கிவிட்டால், எவரும் திருட்டுத்தனமாக ஊன்ற வேண்டியிராது. அம்மரங்களுக்கு நீரூற்றுவது எவர் முறை என்பதை மட்டும் ஆண்டுக் கூட்டத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.