சமர்ப்பணமும் சம்மதமும்

உறையூரிலே கோயில் கொண்டிருக்கும் கமலவல்லி நாச்சியார், சோழ ராஜகுமாரியாக வளர்ந்து, அரங்கனையே தம் நாயகனாக வரித்துக்கொண்டார் என்கிறது ஸ்தல புராணம். பங்குனி ஆயில்யத்தன்று அரங்கன் காவிரியைக் கடந்து வந்து சேர்த்தி சேவை அளிப்பதை இன்றும் காண்கிறோம். வரித்தவர் அவரே என்பதில்தான் அக்கதையின் ஜீவன் இருக்கிறது. அவ்வாறிருக்க, தெய்வத்தின் பெயரால் விவரமறியாத சிறுமியின் கழுத்தில் பிறர் பொட்டுக் கட்டி, பின்னர் அவளைத் தனவந்தரின் போகத்துக்கு ஒப்புவித்த வழக்கத்தைச் சமர்ப்பணம் என்று சொல்வது எந்தத் தர்மத்துக்கு அடுக்கும்?

அத்தகைய தேவதாசி வாழ்வை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், 1936-இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலில் இக்கேள்வியை எழுப்பினார். கலைநயத்தில் அது குறையுடையதுதான். பாத்திரங்கள் பேசுவதைக் காட்டிலும் பிரசங்கம் செய்வதே அதிகம். ஆயினும், அத்தொழிலை உதறிய பெண்கள், பிறர் இரக்கத்துக்குக் காத்திராமல், தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கிறார்கள் என்பதால், அக்குறையை நான் பொருட்படுத்துவதில்லை. சம்மதிக்கவோ மறுக்கவோ இயலாத ஆத்மாவின் பெயரால் செய்யப்படும் அர்ப்பணத்தை எந்தத் தெய்வமும் ஏற்காது என்பதே என் துணிபு.

கமலவல்லி கோயில் கொண்ட அதே உறையூரிலிருந்து 1938 ஆகஸ்டு 1-இல் இந்தி எதிர்ப்புத் தமிழர் படை சென்னைக்குப் புறப்பட்டபோது, 55 வயதை எட்டியிருந்த அம்மையாரும் உடன் நடந்தார். அவர் தம் நாவலில் எதிர்த்த பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது.