சாவியை எறிய ஒரு மேசை

எங்கள் ஹேங்கரில் எனக்கு விமானத்தைத் தொடும் வேலை இல்லை. காகிதத்தைத் தொடும் வேலை. சுபாங்கில் ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். யாராவது பழைய ஜெட் ஒன்றை வாங்க நினைத்தால், பணம் கைமாறும் முன் அதை எங்களிடம் கொண்டுவந்து சோதிக்கச் சொல்வார்கள். மெக்கானிக்குகள் மெல்லிய குழாயின் நுனியில் இருக்கும் கேமராவை எஞ்சினுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். தரைப்பலகையைக் கழற்றி அரிப்பு தேடுவார்கள். நான் பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவேன். எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகத்தை யார் மாற்றினார், யார் கையெழுத்திட்டார் என்று பார்ப்பேன். செகண்ட் ஹேண்ட் விமானத்தை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது முன்பின் தெரியாத மனிதர்களின் கையெழுத்துகளைத்தான்.

போன ஆண்டு மழைக்காலத்தில் ஒரு செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங் வந்தது. 2006இல் சான்றிதழ் பெற்று, 2017இல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட சின்ன ஜெட். இரண்டு எஞ்சின். விமானியோடு சேர்த்து ஆறு பேர் உட்காரலாம். 41,000 அடிவரை ஏறும். முக்கியமானது, ஒரே ஒரு விமானி ஓட்டுவதற்கு அதற்கு அனுமதி உண்டு.

வாங்க வந்தவர் ஒரு டத்தோ. நம்மவர்தான். ஐம்பது வயதைத் தாண்டியபின் பறக்கக் கற்றுக்கொண்டவர். அவருடைய அம்மா பினாங்கில் தனியாக இருக்கிறார். "காடியில போனா அரை நாள் போயிடுது தம்பி. இதுல ஒரு மணி நேரம். சாயங்காலம் அம்மா கையால சாப்பிட்டுட்டுத் திரும்பிடலாம்" என்றார். பணத்திமிர் கொஞ்சமும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பழைய ஜெட் விஷயத்தில் எல்லோரும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. வயதாக ஆக வாங்கும் விலை இறங்கும். வைத்திருக்கும் செலவு இறங்காது. எண்ணெய், ஹேங்கர் வாடகை, பயிற்சி எல்லாம் புது விமானத்தின் கணக்கில்தான் வரும். எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தால் அந்தச் செலவு விமானத்தின் விலையோடு போட்டிபோடும். அதனால்தான் பலர் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவரும் எஞ்சின் திட்டங்களில் சேர்கிறார்கள். டத்தோ இதெல்லாம் தெரிந்தவர். விரல்நுனியில் கணக்கு வைத்திருந்தார்.

பதிவேட்டில் நான் ஓர் இடைவெளியைக் கண்டேன். பதினான்கு மாதங்கள் அந்த விமானம் கடலோர ஊர் ஒன்றில் நின்றிருக்கிறது. விமானம் பறந்தால் தேயும், நின்றால் அரிக்கும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் எஞ்சினுக்குள் ஈரம் புகாமல் பாதுகாத்து மூடிவைத்து, அதைப் பதிவும் செய்ய வேண்டும். அந்தப் பதினான்கு மாதங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. செய்யவில்லையா, செய்துவிட்டு எழுதவில்லையா? காகிதம் சொல்லாது. கேமராவில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. இன்னும் சில பகுதிகளைப் பிரித்துப் பார்க்கலாம் என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் எழுதினார். அதற்குச் சில வாரமும் நிறையப் பணமும் ஆகும்.

அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதுபோன்ற விற்பனையில், பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறை என்றால் பெரும்பாலும் விற்பவரே சரிசெய்து கொடுக்க வேண்டும். மற்றவை பேரத்துக்குப் போகும். இந்த இடைவெளி பேரத்துக்குப் போனது. இரண்டு நாள் பேசினார்கள். விலை கணிசமாக இறங்கியது. மேற்கொண்டு எதையும் பிரிக்கவில்லை. எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

போகும்போது டத்தோ என் மேசை அருகே நின்றார். "நீங்களா இருந்தா வாங்குவீங்களா தம்பி?"

"ரிப்போர்ட்ல எல்லாம் எழுதியிருக்கோம் டத்தோ. முடிவு உங்களோடதுதான்" என்றேன்.

அதில் பொய் இல்லை. அலுவலகத்தில் யாரும் குறைசொல்ல முடியாத பதில். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் குறை எங்கேயும் போகவில்லை. அது விலையாக மாறியது, அவ்வளவுதான். டத்தோ இரண்டு ஆள். விலைக்குறைப்பு கிடைத்தது சொந்தக்காரருக்கு. இடைவெளி அப்படியே போய்ச் சேர்ந்தது விமானிக்கு. இருவருக்கும் ஒரே முகம் என்பதால் ஒருவர் மற்றவரை விற்றுவிட்டதை யாரும் பார்க்கவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் அப்பா. விமானத்தில் ஏறியே இராதவர்.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் ஒரு தவுக்கேயிடம் லோரி ஓட்டினார். ஒருநாள் பிரேக் சரியில்லாத லோரியை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா சாவியைத் தவுக்கேயின் மேசைமேல் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைய சம்பளம் போச்சு. அம்மா திட்டினார். மறுநாள் பிரேக் சரிசெய்யப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் இது ஒரு வீரகதை.

பிறகு அப்பா சொந்தமாக ஒரு பழைய லோரி வாங்கினார். பிரேக்கும் டயரும் சுமார்தான். அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. அடுத்த மாதம் மாற்றிவிடலாம் என்றார். மாதத் தவணை, என் பள்ளிச் செலவு, தங்கையின் டியூஷன். பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது மட்டும் நண்பரிடம் நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டுவார். இரண்டாவது ஆண்டு, காராக் சாலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. லோரியை மலைப்பக்கமாகச் சாய்த்து நிறுத்தினார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பக்கத்தில் வேறு வண்டி எதுவும் இல்லை. அது அப்பாவின் நல்ல மனசால் நடந்ததல்ல.

அதே மனிதர்தான். தவுக்கேயின் லோரியை எடுக்க மாட்டேன் என்றவரால் தன் லோரியிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. தைரியம் குறைந்துவிடவில்லை. சாவியை எறிய மேசை இல்லை.

அனைத்துலக விமான விதிகளின்படி, விமானத்தின் பொறுப்பில் இருக்கும் விமானிக்கே இறுதி அதிகாரம். முதலாளிக்கு இல்லை. இந்த விதியின் அழகே, இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அது நம்புவதில் இருக்கிறது. ஒருவர் போகலாம் என்பார், மற்றவர் முடியாது என்பார். முதலாளி கோபப்படலாம், மறுப்பாவது வாய்விட்டுச் சொல்லப்பட்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே மண்டைக்குள் இருந்தால் அந்த வாக்குவாதம் நடந்ததா என்றே தெரியாது.

சொந்தக்காரனின் வாதம் கெட்டதாக இருந்தால் மறுப்பது சுலபம். அது எப்போதும் நல்லதாகவே இருக்கிறது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் தர்மன் மன்சன் ஒரு சைட்டேஷன் ஜெட் வாங்கினார். ஆட்டமில்லாத நாட்களில் ஒஹாயோவில் இருக்கும் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பதற்காக. 1979 ஆகஸ்ட் 2 அன்று, அக்ரன்-கேன்டன் விமான நிலையத்தில் தரையிறங்கிப் பழகும்போது அது ஓடுபாதையை எட்டாமல் விழுந்தது. உடனிருந்த இருவர் பிழைத்தார்கள். அவர் இறந்துபோனார். வயது 32. அந்தப் புதிய, வேகமான விமானத்தோடு அவருக்கு மிகக் குறுகிய பழக்கமே இருந்தது. டத்தோ அம்மாவைப் பற்றிப் பேசியபோது எனக்கு இவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். வாயைத் திறக்கவில்லை.

அவருடைய பணம், அவருடைய உயிர், உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். 2014 டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃபீனம் 100 ரக ஜெட் ஒன்றை அதன் உரிமையாளரே ஓட்டிவந்தார். இறக்கையில் உறைபனி படியும் வானிலை. உறைபனி நீக்கும் கருவியை அவர் இயக்கவில்லை. அதனால் அந்த நிலைக்குத் தேவையானதைவிடக் குறைந்த வேகத்தில் இறங்கினார் என்று விசாரணை சொன்னது. விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் மூன்று பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் ஒரு தாயும் இரண்டு சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தத் தாயிடம் யாரும் ரிப்போர்ட் காட்டி முடிவு உங்களுடையது என்று சொல்லவில்லை.

முதலாளி வேறு, ஓட்டுநர் வேறு என்று பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தவுக்கே அப்பாவை வேலையைவிட்டுத் தூக்கியிருக்கலாம். வேலைக்குப் பயந்து மறுக்காத விமானிகளும் உண்டு. நான் சொல்வது சின்ன விஷயம். நமக்குச் சொந்தமானவற்றிடம் நம்மால் முடியாது என்று சொல்ல முடிவதில்லை. பொருள் மட்டுமல்ல. நாமே எழுதிய கதை, நாமே எடுத்த முடிவு, நாமே தேர்ந்த காதல், எல்லாவற்றிலும்தான். நம்முடைய மனசாட்சி ஒன்று போதும் என்று நினைப்பது ஒருவகைப் பெருமை. அந்த மனசாட்சியும் நமக்குச் சொந்தமானதுதானே? அதுவும் தவணை கட்டுகிறது. ஆகவே வெளியே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலை உண்மையை எழுதிவைத்துவிட்டு ஒதுங்குவதோடு முடிவதில்லை. கேட்டால் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

அன்று மழையில் ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். என் மோட்டாரின் பின் டயர் மூன்று மாதமாக வழவழவென்று இருந்தது. அடுத்த சம்பளத்தில் மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்குச் சொன்னேன்? பாலத்தடியில் ஒதுங்கி நின்று அப்பாவுக்குப் போன் செய்து டயரைப் பற்றிச் சொன்னேன். "எங்க இருக்க? அங்கேயே நில்லு. நான் வர்றேன்" என்றார். முப்பது வயதில் அப்பாவின் காடியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போவது கூச்சமாகத்தான் இருந்தது.

மறுநாள் டத்தோவை அழைத்தேன். "நேத்து கேட்டீங்களே டத்தோ. நானா இருந்தா பிரிச்சுப் பார்க்காம வாங்க மாட்டேன்" என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை. "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். அவர் வாங்கினார். பிரித்துப் பார்த்தாரா என்று எங்கள் பதிவேட்டில் இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு சின்ன வேலைக்காக அந்த மஸ்டாங் வந்தது. வலப்பக்க இருக்கையிலிருந்து ஓய்வுபெற்ற விமானி ஒருவர் இறங்கினார். தலை முழுதும் நரைத்திருந்தது. காப்புறுதிக்காரர்கள், முதல் சில மாதங்களுக்கு அனுபவமுள்ள ஒருவர் கூடவே பறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் காலம் முடிந்தும் டத்தோ அவரை அனுப்பவில்லை.

"ரொம்பத் தொல்லை தம்பி இவரு. போன வாரம் பினாங்கு போக விடல. மேகம் சரியில்லயாம். அம்மா மீன் கறி வச்சுட்டுக் காத்திருந்தாங்க" என்றார் டத்தோ.

அவர் குறைபட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.