ஒளியும் அளவும்

நல்லது ஒன்று மிகுந்துகொண்டே போனால், அது நல்லதாகவே நிற்குமா? அறநூலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. உணவிலும் உறக்கத்திலும் செல்வத்திலும் அளவு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், ஒளியிலும் அளவு வேண்டுமா? அறிவுக்கும் அருளுக்கும் ஒளியையே உவமையாக்கும் மரபில் வந்தோர்க்கு இவ்வினா சற்றே புதிதாகத் தோன்றலாம். இதற்கு விடை காண, அமெரிக்க இல்லங்களில் ஒரு காலத்தில் பரவியிருந்த சிறு கைவினை ஒன்று பெரிதும் துணைபுரியும்.

1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் அந்நாட்டில் கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் பலர், மீன்களோடு நில்லாமல் உயிருள்ள பவளங்களையும் வளர்க்க விழைந்தனர். பவளம் கல்லன்று; சின்னஞ்சிறு உயிரிகளின் கூட்டுக் குடியிருப்பு. அவ்வுயிரிகளின் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் வாழ்கின்றன. அப்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றன; அவ்வுணவின் பெரும்பகுதி பவள உயிரிக்குச் செல்கிறது. பவளமோ பாசிக்கு உறைவிடமும் ஊட்டப்பொருளும் நல்குகிறது. ஆகவே, வெப்பமண்டலக் கடலின் ஆழமற்ற பகுதியில் வாழும் பவளத்திற்கு ஒளியே உணவு எனலாம். அக்கடலின் ஞாயிற்றொளியை ஒரு வீட்டின் மூலையில் படைப்பது எங்ஙனம்? அதற்கென விற்கப்பட்ட உயர்திறன் விளக்குகள் விலை மிகுந்தவை. நடுத்தர வருவாயினரின் கைக்கு எட்டியது, அலுவலகக் கூரைகளில் எரியும் நாலடிக் குழல் விளக்கே. அதன் ஒளியோ பவளங்கள் பலவற்றிற்குப் போதாது.

இங்கேதான் கைவினை பிறந்தது. 32 வாட் குழல்கள் நான்கினை எரிப்பதற்கென அமைந்த மின்னணுச் சோக் ஒன்றை ஆர்வலர் வாங்குவார். அதன் வெளிக்கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி இணைத்து, இரண்டே குழல்களுக்குக் கொடுப்பார். இன்னும் துணிந்தவர், நான்கினையும் ஒன்றாக்கி ஒரே குழலுக்குச் செலுத்துவார். குழல் தனக்கு வகுக்கப்பட்ட மின்னோட்டத்தை விஞ்சிய ஓட்டத்தைப் பெற்றுப் பளிச்சென எரியும். சிறு செலவில் பேரொளி! ஆனால், இரு மடங்கு மின்சாரத்திற்கு இரு மடங்கு ஒளி கிட்டவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மடங்கே கிட்டியது. எஞ்சியது வெப்பமாயிற்று. அவ்வெப்பமே குழலின் ஒளிதரும் திறனை மேலும் குறைத்தது. குழலின் இரு முனைகளும் விரைவில் கருத்தன.

இதன் காரணத்தை அறிவது அறத்தை அறிவதற்கும் உதவும். குழலுக்குள் இருப்பது சிறிதளவு பாதரச ஆவி. மின்சாரம் அதனூடே பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் எழுகிறது. குழலின் உட்சுவரில் பூசிய பொடி அக்கதிரை ஏற்று வெண்ணொளியாக மாற்றுகிறது. இந்த ஆவிக்கு ஒரு விந்தைப் பண்பு உண்டு. மின்னோட்டம் கூடக்கூட, அவ்வோட்டத்தைத் தடுக்கும் ஆற்றல் அதற்குக் குறைந்துகொண்டே போகும். கட்டுப்படுத்துவார் இல்லையேல், குழல் மேன்மேலும் மின்சாரத்தை இழுத்துச் சில நொடிகளில் தன்னையே அழித்துக்கொள்ளும். அவ்வாறு நேராமல் காப்பதே சோக்கின் தொழில். ஒளிதருவது குழல்; அதனை நெடுநாள் ஒளிதர வைப்பது தடை. பசித்தவன் உண்ட பின் பசி அடங்குகிறான். ஆசையோ உண்ண உண்ண வளர்கிறது. குழல் விளக்கின் இயல்பு பசியைப் போன்றதன்று, ஆசையைப் போன்றது.

இனி, அறவினாவுக்கு வருவோம். குழல் உயிரற்றது, அதற்கு வலியில்லை. தன் பணத்தில் வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி எரிப்பதில் குற்றம் யாது? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. குழலின் ஆயுள் குறைகிறதே எனலாம். ஆனால், 20,000 மணி நேரம் எரியக்கூடிய குழலையும் பவளம் வளர்ப்போர் ஓராண்டளவில் மாற்றிவிடுவதே வழக்கம். நாள்தோறும் பத்து மணி நேரம் எரித்தாலும் அது 3,650 மணி நேரமே ஆகும். பூச்சுப் பொடியின் ஒளித்தன்மை நாளடைவில் மாறிவிடும் என்பதே காரணம். எப்படியும் எறியப்படும் குழலின் ஆயுளைக் குறைப்பது பெரிய இழப்பன்று என்று அவர்கள் வாதிட்டால், அவ்வாதத்தில் நேர்மை உண்டு. எனவே, குற்றம் குழலின் ஆயுளில் இல்லை, வேறிடத்தில் தேடவேண்டும்.

பொருளின்மேல் பொறிக்கப்பட்ட அளவு வெறும் எண்ணன்று. அஃது ஒரு வாக்குறுதி. 'இந்த எல்லைக்குள் இது தீங்கு செய்யாது' என்று செய்தவர் பயன்படுத்துவோர்க்கு அளித்த உறுதிமொழி. கம்பியை முறுக்கி எல்லையைக் கடக்கும் கணத்தில் அவ்வுறுதிமொழி முறிந்துபோகிறது. முறித்தவரே அதன் பின்னர் அவ்வாக்குறுதியைத் தம் தோள்மேல் ஏற்கவேண்டும். ஆனால், தொட்டி இருக்கும் வீட்டில் அவர் மட்டுமா உறங்குகிறார்? மனைவியும் மக்களும் உறங்குகின்றனர். சுவருக்கு அப்பால் அண்டை வீட்டாரும் உறங்குகின்றனர். உப்புநீர்த் துளி தெறிக்கும் இடத்தில், அளவை மீறி மின்சாரம் ஓடும் கம்பிகளின் கீழ், அவர்கள் அறியாத ஓர் இடர் அவர்கள் தலைமேல் தொங்குகிறது. தன் துணிவால் தான் இடர்ப்படுவது வீரமாகலாம். பிறரைக் கேளாமல் பிறர்மேல் இடரைச் சுமத்துவது வீரமாகாது.

இரண்டாவது குற்றம் இன்னும் நுட்பமானது. இவ்வளவும் யாருக்காகச் செய்யப்பட்டன? பவளத்திற்காக. ஆனால், மிகையொளி பவளத்திற்கு நன்மையா? தாங்கும் அளவை ஒளி கடந்துவிட்டால், பாசியின் உணவாக்கம் நிலைகுலைந்து நச்சுத்தன்மை கொண்ட உயிர்வளி வடிவங்கள் பவளத்தின் உடலுக்குள் பெருகுகின்றன. அப்போது பவளம் தன்னை ஊட்டி வளர்த்த பாசியையே வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெளுக்கிறது. மீளாவிடில் பட்டினியால் மடிகிறது. ஒளியின்றி வாழமுடியாத உயிர், ஒளி மிகுந்ததால் மாய்கிறது. மேலும், ஒரே கடலில் வாழ்ந்தாலும் எல்லாப் பவளமும் ஒரே ஒளியை வேண்டுவதில்லை. அலை புரளும் மேற்பரப்பினது மிகுதியாக வேண்டும்; ஆழத்தில் வாழ்ந்ததோ மங்கிய நீலவொளியிலேயே செழிக்கும். வளர்ப்பவரின் ஆர்வம் எவ்வளவு என்று பவளம் கேட்பதில்லை. தன்னால் ஏற்க இயலும் அளவு எவ்வளவு என்பதே அதற்கு முக்கியம்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நடுநிலை அளவைப் பற்றிக் கூறுமிடத்து ஓர் உணவு உவமையைக் காட்டுகிறார். பத்துப் பங்கு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்பதால், பயிற்சியாளர் எல்லோர்க்கும் ஆறு பங்கு என விதித்துவிட மாட்டார். பெரும் மல்லனுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கோ மிகை. அளவு என்பது எண்களின் நடுப்புள்ளியன்று. ஏற்பவனின் தகுதிக்கு இயைந்தது என்பதே அவர் கருத்து. வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மென்மையான மயிலிறகேயாயினும் வண்டி தாங்குமளவை மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்னும் உண்மையை உணர்த்துகிறார். ஏற்றப்படுவது தீயதா என்பதன்று அங்கே கேள்வி. இனியதும் எடையுடையதே.

எல்லையைக் கடவாமல் முன்னேற்றம் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்த ஆர்வலருள் சிறந்தோர் கண்மூடிக் கடந்தவரல்லர். குழலின் வெப்பத்தைக் கண்காணித்தனர். விசிறி வைத்துக் குளிர்வித்தனர். பவளத்தை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக ஒளியின் அருகே உயர்த்தினர். அது வெளுக்கக் கண்டால் பின்வாங்கினர். இவர்களுக்கும், கம்பியை முறுக்கிவிட்டு உறங்கச் சென்றவர்க்கும் உள்ள வேறுபாடு மின்னோட்டத்தின் அளவில் இல்லை, விழிப்பில் இருக்கிறது. எல்லையைக் கடப்பவர், அதுவரை அவ்வெல்லை செய்துவந்த காவலைத் தாமே செய்யவேண்டும். செய்ய ஆற்றாதவர் கடக்கலாகாது. அறத்தின் தீர்ப்பு இதுவே.

இத்தீர்ப்பு தொட்டியோடு முடிவதன்று. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் சிறுவன்மேல் காலையில் பள்ளிப்பாடம், மாலையில் தனிவகுப்பு, இரவில் பயிற்சிநூல் எனக் கல்வியொளியைப் பாய்ச்சும் பெற்றோரும் ஆசிரியரும் அன்பினால்தான் அவ்வாறு செய்கின்றனர். ஆயினும், இரு மடங்கு பாடத்திற்கு இரு மடங்கு அறிவு விளைகிறதா? ஒரு பகுதி அறிவாகிறது. எஞ்சியது களைப்பாகவும் வெறுப்பாகவும் மாறுகிறது. எந்நேரமும் நூலும் கையுமாக இருந்த பிள்ளை ஒருநாள் நூலையே வெறுத்து ஒதுக்கினால், அது சோம்பலன்று. பவளம் தன் பாசியை வெளியேற்றியதற்கு ஒப்பானது. பாய்ச்சுபவரின் ஆசையை அளவாகக் கொள்ளாது, ஏற்பவரின் வலிமையை அளவாகக் கொள்வதே ஆசிரியத் தொழிலின் அறம். அதற்காகக் கற்பித்தலைக் குறைத்துக்கொள்வதும் பிழையே. இருளில் வைத்த பவளமும் மடியும். நாள்தோறும் முகம் பார்த்து, ஒருபடி உயர்த்தி, வாடக் கண்டால் ஒருபடி தாழ்த்தும் பொறுமையே வேண்டப்படுவது.

1938இல் விற்பனைக்கு வந்த குழல் விளக்கின் காலம் இன்று முடிவை நெருங்குகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் கூடி, குழல் விளக்குகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027க்குள் முடித்துக்கொள்ள இசைந்தன. தொட்டிகளின்மேல் இப்போது ஒளியுமிழ் இருமுனைய விளக்குகள் எரிகின்றன. கம்பியை முறுக்கும் வேலை இல்லை. விரல் நுனியால் ஒளியைக் கூட்டலாம். எளிமை பெருகியதேயன்றி வினா மறையவில்லை; இன்றும் மிகையொளியில் பவளங்கள் வெளுக்கவே செய்கின்றன. விளக்கை மாற்றிவிடலாம்; விளக்கேற்றும் கைக்கு வேண்டிய தடையை எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது. அதனை மனிதன் தன் நெஞ்சுக்குள்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.