இரண்டு பேருந்துகளுக்கு நடுவே ஒரு தலைநகரம்

மீன்சுருட்டி. இன்னும் விடியவில்லை.
கிளாம்பாக்கத்தில் ஏறிய பேருந்து என்னை இறக்கிவிட்டுக் கும்பகோணம் பக்கம் போகிறது. பின்விளக்கு சிறுத்துச் சிறுத்து மறைகிறது. இரைச்சல் மட்டும் காதில் கொஞ்ச நேரம் நிற்கிறது.

*

நாற்சந்தி.
வடக்கே சென்னை. தெற்கே அணைக்கரை. கிழக்கே காட்டுமன்னார்கோயில், சிதம்பரம். மேற்கே செயங்கொண்டம், திருச்சி.
நான்கு பக்கமும் இருட்டு.

*

டீக்கடையில் முதல் பால் பொங்குகிறது. கண்ணாடித் தம்ளர் விரலைச் சுடுகிறது. கை மாற்றிக்கொள்கிறேன்.
"கோயிலுக்காம்மா? டவுன் பஸ் வரும். உக்காரு."
உட்காருகிறேன். பெஞ்சில் பனி ஈரம்.

*

நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தருகிறார். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசில்லை.
சன்னலில் முந்திரித் தோப்பு. பிறகு வெட்டவெளி. பிறகு மறுபடி முந்திரி.
பையில் பணம் குறைவு. அந்த எண்ணம் வருகிறது. கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறது.

*

"கோயில், கோயில்" என்று குரல் கொடுக்கிறார் நடத்துநர்.
நானும் இன்னொருத்தியும் இறங்குகிறோம். அவள் பால் தூக்கோடு ஊருக்குள் நடக்கிறாள்.

*

கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் தஞ்சையை விட்டு இங்கே வந்தான். அவன் படை வடக்கே கங்கை வரை போனது. 1025 வாக்கில் கடல் தாண்டிக் கடாரம் போனது. அவனுக்குப் பின்னும் சோழர்கள் இங்கிருந்தே ஆண்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 250 ஆண்டுகள்.
சாலை காலியாக இருக்கிறது. ஓர் ஆடு நிதானமாகக் கடக்கிறது.

*

செருப்பைக் கழற்றுகிறேன். கல் குளிர்ந்திருக்கிறது. குளிர் உள்ளங்காலில் ஏறி, முழங்காலோடு நின்றுவிடுகிறது.

*

தஞ்சைக் கோயில் விமானம் நேராக ஏறும். இந்தக் கோயில் விமானம் உள்ளே வளைந்து ஏறுகிறது. தஞ்சையைவிடச் சற்று உயரம் குறைவு.
இராசேந்திரன் ஏன் குறைத்தான்?
கேள்வி எழுகிறது. ஒரு கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகிறது. கேள்வியைக் காணோம்.

*

வடக்கு வாசற்படி ஓரம் சிவனடியார் சண்டேசர். கை கூப்பி, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சிவன் அவர் தலையில் பூமாலை சுற்றுகிறார். உமை பக்கத்தில் இருக்கிறாள்.
ஆயிரம் ஆண்டாகச் சுற்றுகிறார். மாலை இன்னும் முடியவில்லை.

*

நந்தி ஒரே கல் இல்லை. சுதை பூசியது. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. மூச்சில் விலா ஏறி இறங்குகிறது.
என் மூச்சும் ஏறி இறங்குகிறது.

*

சிங்க உருவம். அதன் வயிற்றுக்குள் கிணற்றுக்குப் போகும் வாசல்.
எட்டிப் பார்க்கிறேன். இருட்டு. ஈர மண் வாசனை.

*

வெளிமதில் இருந்த இடம். கிழக்குக் கோபுரம் நிமிர்ந்து நின்ற இடம்.
1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். கல் வேண்டியிருந்தது. இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள்.
இப்போது வெயில் தடையில்லாமல் விழுகிறது.

*

மாளிகைமேடு. நடந்தே வந்துவிடலாம். புழுதி கணுக்கால் வரை.
அரண்மனை இதுதான். செங்கல் வரிசைகள். ஒரு வரிசை இன்னொன்றைச் சந்திக்கிறது. பிறகு மண்.
தோண்டியபோது கூரை ஓடுகள் கிடைத்தன. இரும்பு ஆணிகள் கிடைத்தன. சீனப் பீங்கான் சில்லுகளும்.
ஒரு கிண்ணம் சீனத்திலிருந்து இத்தனை கடல் கடந்து வந்து, இங்கே உடைந்திருக்கிறது.

*

வேப்ப மரத்தடி. எலுமிச்சைச் சாதப் பொட்டலம். இலையில் ஒட்டிய பருக்கையை விரலால் எடுக்கிறேன்.
தண்ணீர் நேற்று இரவு சென்னையில் வீட்டுக் குழாயில் பிடித்தது. வெதுவெதுப்பாக இருக்கிறது. தொண்டையில் இறங்குவது தெரிகிறது.

*

நெல்லில் காற்று. தூரத்தில் டிராக்டர். அது நின்ற பிறகுதான் ஓடிக்கொண்டிருந்தது தெரிகிறது.

*

இராசேந்திரன் இங்கே ஓர் ஏரி வெட்டினான். சோழகங்கம். கங்கையை வென்றதற்கு நீராலேயே ஒரு வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. இப்போது பொன்னேரி.
தூண் கலங்குமா, வற்றுமா, நிறையுமா.
ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது.

*

பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு பகல் போதாது என்பார்கள்.
இங்கே பகல் மிச்சமிருக்கிறது. செய்ய ஒன்றுமில்லை. கைகள் மடியில் கிடக்கின்றன. அவற்றின் கனம் புதிதாகத் தெரிகிறது.

*

ஒரு சிறுவன் சைக்கிளை நிறுத்துகிறான். என்னைப் பார்க்கிறான். நான் பார்க்கும் திசையைப் பார்க்கிறான்.
போகிறான்.

*

நிழல் நீள்கிறது. சாலையோரம் நிற்கிறேன். செயங்கொண்டத்திலிருந்து வரும் கும்பகோணம் வண்டி. ஏறுகிறேன். இந்தப் பயணத்துக்குக் காசு உண்டு. சில்லறையை எண்ணிக் கொடுக்கிறேன்.
வண்டி அணைக்கரை வழியாகப் போகிறது. கீழணை அங்கேதான் இருக்கிறது.
கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணத்து நீர் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது, குடிப்பதற்கு.